பாரத்துக்கு ஒரு ஆள்

எழுந்திருக்கக் கூடாதாம். கரண்ட் வந்து, துளை போட்டு, ஸ்க்ரூ முடுக்கும்வரை இந்தப் பலகையின் நடுவில் நான் இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். "சம்பந்தி, நீங்க சித்த நேரம் இதும்மேல உக்காந்தீங்கன்னா போதுமுங்க, அப்படியே அடங்கிரும்" என்று சுலோச்சனா சொன்னபோது நானும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். மகளின் மாமியார் ஒரு வேலை சொன்னால் மாட்டேன் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அந்த மூலையில் இரண்டு சிமெண்ட் மூட்டை. இந்த மூலையில் கேஸ் சிலிண்டர். வாசலோரம் ஓர் ஆட்டுக்கல், அதையும் ஆள் விட்டு ஏற்றி வைத்திருக்கிறாள் மகராசி. நடுவில் நான். துளசிமணி, உடுமலையிலிருந்து பஸ் ஏறி, தூக்குப்போசியில் முறுக்கும் எள்ளுருண்டையும் கொண்டுவந்தவள், இப்போது சிமெண்ட் மூட்டைக்குத் துணை. பிளைவுட் மழைச்சாரலில் நனைந்து நடுவில் மேடாகிவிட்டது, அடியில் பசை பூசியிருக்கிறது, கீழே இருக்கிற இரும்புச் சட்டத்தோடு அது படிந்து ஒட்ட வேண்டுமென்றால் மேலே கனம் வேண்டும். கனம் என்றதும் என் ஞாபகம் வந்திருக்கிறது. மகள் தாரணிக்கு ஏழு மாசம், அவள் உட்காரக் கூடாது, சரி. சுலோச்சனா உட்கார்ந்தால் பலகைக்குத் தெரியவே தெரியாது, அப்படி ஓர் ஈர்க்குச்சி உடம்பு. நாலு பெற்றவள் மாதிரி நான் இருக்கிறேன், பெற்றது ஒன்றுதான். அந்த ஒன்று வெளியே தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இவளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. நான் வந்தது இதற்கா? நான் வந்தது நாள் குறிக்க. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சை, தயிர் என்று வகைவகையாகக் கட்டுச்சோறு கொண்டுவந்து, மகளுக்கு ஊட்டி, கையில் வளையல் அடுக்கி, என் வீட்டுக்கு அழைத்துப் போக நாள் குறிக்க வந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது யாரும் பேச வேண்டியதே இல்லாத விஷயம். காலையிலிருந்து மூன்று தரம் பேச்செடுத்துவிட்டேன். மூன்று தரமும் தாரணி, "இரும்மா, முதல்ல தரை முடியட்டும்" என்றாள். பிரசவத்துக்கும் தரைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

இந்த வண்டிவீட்டைப் பார்த்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. வண்டிவீடு என்றுதான் தோப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற ஒற்றை அறை, ரெண்டு சக்கரம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரப்பலகை, பொம்மை வீட்டுக்குச் செய்தது போல ஓர் அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி. எந்தக் காலத்திலோ அணை கட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் குடும்பத்தோடு இதில் குடியிருந்தாராம். அவர் ஊருக்குக் கப்பலேறியதும் ஏலம் விட்டார்களாம், சுலோச்சனாவின் அப்பா மகள் ஆசைப்பட்டாள் என்று எடுத்துவந்து தோப்பில் நிறுத்தினாராம். ஒரே பெண், கேட்டது கிடைத்திருக்கிறது, பிறகு தோப்பும் அவளுக்கே வந்திருக்கிறது. பிறகு இதில் கொப்பரை கொட்டி வைத்தார்கள், கோழி அடைந்தது, பாம்புகூட இருந்ததாம். தாரணி கல்யாணமாகி வந்த புதிதில் கதவைத் திறந்து உள்ளே ஓர் அடி வைத்திருக்கிறாள், செருப்போடு கணுக்கால்வரை தரைக்குள் போய்விட்டது. மரம் மொத்தமும் ஊறிய ரொட்டி மாதிரி உளுத்துப்போய் இருந்திருக்கிறது. வேறு மாமியாராக இருந்தால், வந்ததும் வராததுமாக உடைத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். இவள் மண்டி போட்டு மருமகள் காலைப் பிடித்துப் பதமாக வெளியே எடுத்து, மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, அந்த ஓட்டை வழியாக ரெண்டு பேரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்களாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்களாம், இதைச் சரி பண்ணி ஓட வைப்பது என்று. போனில் தாரணி சொன்னதும் எனக்குப் பதறியது. "அடி பலமா? வீக்கம் இருக்குதா? நான் வரட்டுமா?" என்றேன். "ஐயோ அம்மா, அது நடந்து ஒரு வாரம் ஆச்சு" என்றாள். ஒரு வாரம். முன்பெல்லாம் காலேஜில் ஒரு கொசு கடித்தால் சாயங்காலம் வந்து காட்டுவாள்.

புட்டம் மரத்துப்போகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பலகை அந்தப் பக்கம் தாழ்ந்து இந்தப் பக்கம் எழும்புகிறது, அதனால் சாயக்கூட முடியாது, சப்பணம் போட்டு நேராக உட்கார்ந்திருக்கிறேன், சாமி மாதிரி. பசை வாடை மூக்கில் ஏறுகிறது. இந்தத் தரை எப்படி உளுத்தது என்று முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆவலாகவே இருந்தது, யாரோ ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டும், அது சுலோச்சனாவாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று. அவளேதான். சின்ன வயதில் வெள்ளிக்கிழமை தவறாமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சீமாறு போட்டுத் தேய்த்து, மஞ்சள் தெளித்து, வாசலில் கோலமும் போட்டிருக்கிறாள். வீடென்றால் கழுவி விடத்தானே வேண்டும்? கழுவிய தண்ணீர் போக வழி இல்லையென்று மூலையில் ஒரு துளையும் போட்டிருக்கிறாள். தண்ணீர் துளை வழியாகப் போனது போக மிச்சம் பலகைக்குள்ளேயே இறங்கி, சுவரடிவரை ஊறி, வெளியே மினுமினுவென்று இருந்த வண்டிவீடு உள்ளே செத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இது தெரிந்த அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்திருக்கும். ஆனால் இதைச் சொன்னது யார்? அவளேதான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் பண்ணுன கூத்துங்க சம்பந்தி, சாமி வீடுன்னு நெனச்சுக் கழுவிக் கழுவியே கொன்னுட்டனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சிரிக்க, தாரணி சிரிக்க, கடைசியில் நானும் சிரித்தேன். ஒரு குற்றம் கிடைத்தது, அதையும் அவளே எடுத்து ஊருக்குப் பரிமாறிவிட்டால் நான் எதை வைத்துக்கொள்வது? எனக்கு இப்படிச் சிரிக்க வராது. நான் தப்பு செய்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், தாரணியும் அவள் அப்பாவும் என்னைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். அவர் இருந்தவரை அப்படித்தான் நடந்தது. இப்போது நான் முகத்தைத் தூக்கினால் பார்க்கச் சுவர்தான் இருக்கிறது.

யாரிடம் போய்ச் சொல்வது இதை? மாமியார் கொடுமை என்றால் கேட்க நூறு பேர் வருவார்கள், கண் துடைக்க ஆள் வரும். மாமியார் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள், என்னால் தாங்க முடியவில்லை என்று எந்த வாசலில் போய் நிற்பது? பக்கத்து வீட்டுப் பெண்மணி, "உங்க பொண்ணு குடுத்து வெச்சவ" என்று சொல்லும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறேன், வயிறு எரிகிறது. நான்தான் வேண்டினேன். மருதமலைக்கு நடந்து ஏறி, மாமியார் தங்கமாக அமையணும் முருகா என்று கும்பிட்டவள் நான்தான். அவன் என்ன செய்வான், கேட்டதைக் கொடுத்துவிட்டான். கொஞ்சம் சிடுசிடுப்பாக, கொஞ்சம் கஞ்சத்தனமாக, மகள் ராத்திரி எனக்குப் போன் போட்டு அழுகிற அளவுக்கு மட்டும் பொல்லாதவளாக ஒருத்தியைக் கொடுத்திருக்கலாம். பாவம், என் மகள் அழ வேண்டுமென்று நினைக்கிறேனே, வாயைக் கழுவ வேண்டும். ஆனால் அழுதால் என்னிடம்தானே அழுவாள்? நாள் தள்ளிப்போன விஷயம்கூட எனக்கு ரெண்டாவதாகத்தான் தெரியும். மாப்பிள்ளை கோகுல் காற்றாலை வேலையில் குஜராத் பக்கம், ரெண்டு மாசத்துக்கு ஒருமுறைதான் வருவார், அதனால் வீட்டில் இவர்கள் ரெண்டு பேர்தான். காலையில் தாரணி வாந்தி எடுத்த சத்தத்திலேயே சுலோச்சனா கண்டுபிடித்துவிட்டாளாம். இருக்கட்டும், பக்கத்தில் இருக்கிறவளுக்குத்தான் சத்தம் கேட்கும். ஆனால் அம்மிணி என்று கூப்பிடுகிறாளே, அதுதான். அம்மிணி, அந்த ஆணிப் பெட்டிய எடு. அம்மிணி, வெயில்ல நிக்காத. எங்கள் பக்கம் யாரும் எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடுவதுதான், பேருந்தில் கண்டக்டர்கூடக் கூப்பிடுவான். இருந்தாலும் இவள் பிறந்ததிலிருந்து நான் இவளை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கே வந்து, நான் அம்மிணி என்று கூப்பிட்டால், அவள் திரும்பி அந்தப் பக்கம் பார்க்கிறாள். காலையில் பார்த்தாள். பிறகு, "ஓ, நீயா" என்றாள்.

வெளியே மறுபடியும் சிரிப்பு. இந்தச் சன்னலில் கண்ணாடி இன்னும் போடவில்லை, பாலித்தீன் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள், உருவம்தான் தெரிகிறது. நாற்காலியில் பெரிய உருவம் என் மகள். பக்கத்தில் நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற ஒல்லி உருவம் அவள். சேலைக்கு மேலே செத்துப்போன புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெயிண்டும் துருவுமாக, அதில் ஒரு வெட்கம் இல்லை, ஜீப்பை எடுத்துக்கொண்டு அவளே கோயமுத்தூர் போய் மரக்கடையில் பேரம் பேசி ஏற்றி வருகிறாள். நான் காட்டன் சேலைக்குக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு வந்தேன். கசங்கி நாசமாகிவிட்டது. இந்தப் பலகையின் ஓரத்தைப் பார்க்கிறேன். வண்டியின் மூலைகள் சதுரமாக இல்லை, உருண்டை, சக்கரம் இருக்கிற இடத்தில் ஒரு வளைவு வேறு. அந்த வளைவில் பிளைவுட் எப்படி உட்கார்ந்திருக்கிறது தெரியுமா, இம்மி பிசகவில்லை. மரக்கடைக்காரனே அசந்துவிட்டானாம். "உங்க பொண்ணு மூளைங்க சம்பந்தி, பேப்பர வெட்டி வெச்சு அளவெடுத்துட்டா, நானெல்லாம் டேப்பு புடிச்சுட்டு முழிச்சுட்டு நின்னேன்" என்றாள் சுலோச்சனா. பேப்பர். தினசரித் தாளை விரித்து, வளைவோடு நீவி, நகத்தால் கோடு கீறி, கத்தரித்து, அதைத் துணிமேல் வைத்து வெட்டுவது. ரவிக்கையின் கைக்குழி அப்படித்தான் எடுப்பது. தெருவில் பாதிப் பேருக்கு நான் தைத்த ரவிக்கைதான், இவள் என் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டிய காகிதத்தையெல்லாம் பொறுக்கி விளையாடியவள். என் கைக்குழி இது. கைக்குழியைச் சக்கரத்துக்குப் போட்டிருக்கிறாள். இதை அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று சுலோச்சனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, தாரணி சொல்லியிருக்கலாம். "எங்கம்மா சொல்லிக் குடுத்தது அத்தை" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருப்பாளோ? நான் இல்லாதபோது சொல்லியிருக்கலாம். கேட்கலாம் என்றால் கேட்டு வாங்குகிற பாராட்டில் என்ன இருக்கிறது.

காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் பேச்சு துண்டு துண்டாக வருகிறது. "...இழுக்கறதுக்கு என்ன அம்மிணி, ரோடு நல்லாத்தான இருக்குது..." இது அவள். பிறகு தாரணி ஏதோ சொல்கிறாள். பிறகு அவள், "...சம்பந்தி சங்கடப்படுவாங்க, பாவம்..." நான் ஏன் சங்கடப்பட வேண்டும்? எதற்குச் சங்கடப்படுவேன்? பிறகு என் மகள், தெளிவாக, "நான் சொல்லிக்கிறேன் அத்தை. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்." வர மாட்டாள். அதுதான் விஷயம், இவள் வர மாட்டாள், பிரசவம் இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதனால்தான் தரை முடியட்டும், தரை முடியட்டும். இதில் தொட்டில் கட்டப் போகிறார்கள். இதோ இந்த வளைவான மேல்கூரையில் ஒரு கொக்கி தெரிகிறதே, அது எதற்கு? விளக்குக்கா தொட்டிலுக்கா? உடுமலையில் முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். பழைய வேட்டியெல்லாம் துவைத்துக் கிழித்து, வெயிலில் காயவைத்து மடித்திருக்கிறேன். கட்டிலுக்கடியில் பத்திய சாமான், வசம்பு, கருப்பட்டி. டாக்டரிடம் போய்ப் பேர் பதிந்து வைத்திருக்கிறேன். வீதியில் எல்லோரும் கேட்கிறார்கள், எப்ப வர்றா, எப்ப வர்றா. வரமாட்டாளாம் என்று சொல்லட்டுமா? அத்தை நல்லவங்களாம், அங்கேயே இருந்துக்கிறாளாம் என்று சொல்லட்டுமா? அந்தத் தரையை ஒட்ட வைக்க என்னையே உட்கார வைத்திருக்கிறார்கள், என் பேரப்பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிற தரைக்கு நானே பாரம். எழுந்துவிட்டால் என்ன? நான் எழுந்தால் இது மறுபடி மேடாகும், பசை காற்று வாங்கி இறுகும், பிறகு எல்லாவற்றையும் பெயர்த்து முதலிலிருந்து வர வேண்டும், ஒரு மாசம் போகும், அதற்குள் நான் இவளைக் கையோடு கூட்டிப் போய்விடுவேன். கால் மரத்துப் போச்சு, எழுந்துட்டேன் என்று சொன்னால் யார் என்ன சொல்ல முடியும், வயசானவள். ஒரு கையை ஊன்றினேன். ஊன்றி ஒரு பக்கம் எழும்பினேன். அடியில் பசை சர்ரென்று பிரிகிற சத்தம் கேட்டது, துணி கிழிகிற மாதிரி. எனக்கே பயமாகிவிட்டது. மறுபடியும் பொத்தென்று உட்கார்ந்தேன், வண்டி முழுவதும் ஆடியது, எங்கேயோ ஒரு தகடு கிணுங்கியது.

"அம்மா, என்னாச்சு?" என்று வந்துவிட்டாள். வாசல் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள், கையில் மோர். முகம் வெயிலில் கறுத்திருக்கிறது, மூக்கு கொஞ்சம் தடித்திருக்கிறது, ஏழாம் மாசத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. மோரை வாங்கிக் குடித்தேன். கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டு, உப்பு அளவாக, நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

"கால் மரத்துப் போச்சாம்மா?"

"மூட்டைக்கு ஏது கால்?"

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். "அம்மா, கட்டுச்சோத்துக்கு நாள் குறிச்சுக்கலாம். வர்ற வளர்பிறையிலயே வெச்சுக்கலாம். நான் வர்றேன்."

வர்றேன் என்றாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது, நான் வாயைத் திறந்து என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் அவள், "அத்தையும் வருவாங்க" என்றாள்.

"வராமயா? சம்பந்தி இல்லாம என்ன கட்டுச்சோறு?"

"அதுக்கில்லம்மா. நம்ம ஊட்டுக்கு. எங்கூடவே. கொழந்த பொறக்கற வரைக்கும்."

அவள் தரையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "பொண்ணு எடுத்த ஊட்டுல போய் மாசக்கணக்குல உக்காந்து சாப்புடறது முறையில்லைன்னு அத்தை முடியவே முடியாதுன்னுட்டாங்க. அதான் இது. ஜீப்புல மாட்டி இழுத்துட்டு வந்து, நம்ம பக்கத்துக் காலி எடத்துல நிறுத்திக்குவாங்க. சமையலும் இதுலயே. உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

என் வாசலில். என் வீதியில். வெள்ளைக்கார வண்டியில் சம்பந்தி வந்து இறங்கியிருக்கிறாள் என்று உடுமலையே வந்து வேடிக்கை பார்க்கும், எனக்குப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று பேசும். எட்டிப் பார்த்தால் அவள் தெரிவாள், காலையில் கதவைத் திறந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பாள், அம்மிணி என்பாள், இவளும் திரும்பிப் பார்ப்பாள்.

"எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? பெத்தவளுக்குப் பாத்துக்கத் தெரியாதா? அவங்க ஒண்ணு பெத்தாங்க, நானும் ஒண்ணுதான் பெத்தேன். அதுல என்ன அவங்களுக்கு மட்டும் கொம்பு?"

"ராத்திரியில வலி வந்தா என்னம்மா பண்ணுவ?"

"டாக்ஸிக்காரங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். ஒரு போன் போட்டா வந்துருவான்."

"அப்பாவுக்கு வலி வந்தப்பவும் போன் போட்டமே."

அவள் சத்தம் போடவில்லை. குற்றம் சொல்கிற குரலும் இல்லை. "நீ ரோட்டுக்கு ஓடிப் போய், போற வர்ற வண்டியெல்லாம் கைய காட்டிக் கத்துன. எனக்கு உள்ள கேட்டுட்டே இருந்துச்சு. அப்பா கையப் புடிச்சுட்டு நான்தான் உக்காந்திருந்தேன். அவரு உன்னத்தான் கேட்டாரு. எங்கடா உங்கம்மான்னு கேட்டாரு. வண்டி கெடச்சு நீ உள்ள வர்றப்ப..." நிறுத்திக்கொண்டாள். இதை அவள் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் என்னைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாது. நான் ரோட்டில் நின்றேன், யாராவது ஒருவர் நிற்க வேண்டியிருந்தது, லாரிக்காரன் ஒருவன் நிறுத்தினான், நான் திரும்பி ஓடி வந்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"எனக்கு அப்படி வேண்டாம்மா" என்றாள். "எனக்கு வலி வர்றப்ப நீ ரோட்டுல நிக்கக் கூடாது. எங்கூட இருக்கணும். வண்டி ஓட்டறதுக்கு ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் அத்தை."

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அழுதால் பலகை ஆடும் என்று ஏதோ நினைப்பு, அசையாமல் அழுதேன். பிறகு, "அவங்களுக்கு இது தெரியுமா? வண்டி ஓட்ட மட்டும்தான்னு?" என்று கேட்டேன்.

"தெரியும். ஆஸ்பத்திரியில பிரசவ ரூமுக்குள்ள ஒருத்தரத்தான் விடுவாங்களாம்மா. அத்தை கேட்டாங்க, நான் வரட்டுமா அம்மிணி, எனக்குப் பொட்டப்புள்ள இல்ல, பாத்ததே இல்லன்னு. நான், அம்மாதான் வரணும் அத்தைன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க. ரெண்டு நாள் எங்கூடச் சரியாவே பேசல. இந்தச் சட்டத்துக்குத் துரு தேய்ச்சுட்டே இருந்தாங்க, சோத்துக்குக் கூப்புட்டாக்கூட வரல. அப்பறமா அவங்களே வந்து, சரி, இழுத்துட்டுப் போயிரலாம், பிளைவுட் வாங்கிட்டு வர்றேன்னாங்க."

பாலித்தீனுக்கு அந்தப் பக்கம் ஒல்லி உருவம் குழாயடியில் குனிந்து எதையோ கழுவிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றே திரும்பாமல் நிற்கிறவள் எப்படி நிற்பாள் என்பது எனக்குத் தெரியாதா?

"ரெண்டு நாளுமா பேசல?" என்றேன்.

"ஆமாம்மா."

"முழுசா ரெண்டு நாளா?"

"என்னம்மா நீ, அத விட்டுட்டு" என்றாள் தாரணி.

பாவம் என்று நினைத்தேன். மனதார நினைத்தேன். நினைத்த கையோடு, மூன்றாம் நாளும் பேசாமல் இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.